உன் நெஞ்சுக்கு எழுதிய வலிப்பு மாத்திரை

இன்றைக்குக் காலை வண்டி ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும், எதிர் சீட்டில் இருந்த பெண் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். பஞ்சில் இரண்டு சொட்டு நனைத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக்கொண்டாள். கிராம்பு எண்ணெய். பெட்டி முழுக்க அந்த வாசனை. "ஹல்லு நோவு அக்கா" என்று என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சொன்னாள், அவள் பல் வலிப்பதற்கு நான்தான் மன்னிக்க வேண்டும் என்பது போல. நான் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பாவி, நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் யாரோ ஒருத்தியின் பல்வலியில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னை அழவைக்கிறாய்.

பதினோரு வருஷம் நமக்கு ஒரே வண்டி. மாரிகுப்பத்தில் புறப்படும்போதே நீ ஏறி, பக்கத்து சீட்டில் துப்பட்டாவைப் போட்டு வைப்பாய். அடுத்த ஸ்டேஷன் சாம்பியனில் நான் மூச்சிரைக்க ஏறுவேன். யாராவது அந்தத் துப்பட்டாவை நகர்த்தப் பார்த்தால், "தோ, ஆளு வர்றாங்க" என்பாய். அந்தத் தோரணையிலேயே அவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விடுவார்கள். உனக்குப் பெங்களூரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கட்டிய புருஷனோடு பேசியதைவிட உன்னோடு பேசியதுதான் அதிகம். பேசியது என்ன, நான் பேசினேன், நீ கேட்டாய். "ஏய் ஸ்டெல்லா, பங்காருப்பேட்டை வரைக்குமாச்சும் வாய்க்கு லீவு குடேன்" என்பாய். குடுத்தேனா? என்றைக்காவது குடுத்திருக்கிறேனா?

உன் கதை நம் சபையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உன் அம்மா வருஷம் தவறாமல் சொல்லிவந்தார்களே! ஸ்தோத்திரப் பண்டிகையன்று, ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று போதகர் ஐயர் சொல்லி வாயை மூடுவதற்குள் ஆன்ட்டி எழுந்துவிடுவார்கள். ஏழு வயதில் உன் உதடும் நகமும் நீலம் பாய்ந்து கிடந்தது. தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த உன் அப்பா, ஷிஃப்ட் முடிந்த உடுப்போடு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூருக்கு ரயில் ஏறியது. நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தது. இந்தப் பிள்ளை பிழைக்குமா என்று டாக்டர்களே சந்தேகப்பட்டது. "இன்னிக்குப் பாருங்க, என் பொண்ணு தெனமும் பெங்களூரு போய் வர்றா. அந்த இதயத்துக்கு ஒரு குறையும் இல்ல, ஸ்தோத்திரம்." ஒரு வார்த்தை கூடாது, குறையாது. பின் பெஞ்சில் நீயும் நானும் ஆன்ட்டியோடு சேர்ந்து வாயசைத்துச் சிரிப்போம். ஆனால் "என் பொண்ணு" என்னும் இடத்தில் மட்டும் நீ வாயசைப்பதை நிறுத்திவிடுவாய்.

அந்த மாத்திரையை நான் பார்த்தது ஒரு ஊக்கைத் தேடிப் போய்த்தான். என் புடவை மடிப்பு கழன்றுவிட்டது. நீ ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் பைக்குள் கையை விட்டேன். ஊக்கு வரவில்லை, மாத்திரை அட்டை வந்தது. ஃபெனிடாயின். எனக்கா தெரியாது அந்தப் பெயர்? என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அண்ணனுக்கு அதனால் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வந்தது. உனக்கும் சில மாதமாக ஈறு வீங்கியிருந்தது, பல் விளக்கினால் ரத்தம் வருகிறது என்று கிராம்பு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய், சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். பிளாட்பாரத்தில் நடக்கும்போது லேசாகத் தள்ளாடினாய். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். பெரிய துப்பறியும் புலி நான்!

உன்னைத் தட்டி எழுப்பி, "இன்னாடி இது? உனக்கு ஃபிட்ஸா? என்கிட்டயே மறைக்கிறியா?" என்று கேட்டேன். நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். என்னவோ சொல்ல வாயெடுத்தாய். அப்புறம், "ஆமா. இன்னா இப்ப? யார்கிட்டயும் சொல்லாத" என்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாய். அந்த அரை நிமிஷத்தை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நான் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால், நீயே நிஜத்தைச் சொல்லியிருப்பாய். நான்தான் பதிலையும் சேர்த்தே கேட்டுவிட்டேனே.

யாரிடமும் சொல்லவில்லை நான், சத்தியமாக. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். கோயில் வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். பேர் போடவில்லை. பேர் போடாமல் எழுதுகிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது என்று மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐயர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். "தினமும் ரயிலில் பயணம் செய்து உழைக்கும் ஒரு சகோதரி, வலிப்பு நோயிலிருந்து பூரண விடுதலை பெற ஜெபிப்போம்." சபை முழுக்க ஒரே நேரத்தில் நம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நம் சபையிலிருந்து தினமும் ரயிலில் போகிற பெண்கள் மொத்தமே இரண்டு பேர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து பதறிப்போய், உனக்கா என்று கையாலேயே கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தோடு முடிந்தது. மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான்.

திங்கட்கிழமை துப்பட்டா இல்லை. உன் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பங்காருப்பேட்டை வரைக்கும் நின்றே வந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெரியவர் இறங்கினார். "வா, வந்து குந்து" என்றாய். உட்கார்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அழுகை வேறு. "கம்முனு இரு" என்றாய். "அது ஃபிட்ஸ் இல்லடி. ஹார்ட்டு."

வண்டி சத்தத்தில் பாதி என் காதில் விழவில்லை, நீ திரும்பச் சொன்னாய். சின்ன வயதில் தைத்த தழும்பு நெஞ்சுக்குள்ளேயும் இருக்கிறதாம். அந்தத் தழும்பைச் சுற்றி கரண்ட் தப்பாக ஓடி, இதயம் திடீர் திடீரென்று தறிகெட்டு அடிக்கிறதாம். கடையில் ஒரு நாள் கண்ணாடி எடுத்துக் காட்டும்போது கண் இருட்டி விழப் பார்த்தாயாம். அதற்கென்றே இருக்கிற மாத்திரைகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்று தைராய்டைக் கெடுத்தது. இன்னொன்று நாடித்துடிப்பை ஒரேயடியாக இறக்கி உன்னைப் படுக்கவைத்தது. கடைசியில்தான் இந்த வலிப்பு மாத்திரை. டாக்டர் வயதானவர், அவர் சொன்னதை நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "மூளையில வெறி புடிச்சு ஓடுற கரண்டை அடக்குற மருந்தும்மா இது. இதயமும் கரண்ட்லதான் ஓடுது. அங்கயும் போய் சில பேருக்கு அதே வேலையைச் செய்யும். பழைய வைத்தியம், இப்ப யாரும் அதிகமா எழுதறதில்ல." உனக்கு அந்த மருந்து கேட்டது. ஈறு வீங்கினாலும், நடை தள்ளாடினாலும், நெஞ்சு அடங்கியது. "நாலு மாசமா ஒழுங்கா அடிக்குதுடி" என்று என் கையை எடுத்து உன் மணிக்கட்டில் வைத்தாய். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, ஆனாலும் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஐயோ, அப்போ நான் போய் ஆன்ட்டிகிட்ட சொல்றேன், அது வலிப்பு இல்லன்னு" என்றேன். உன் முகம் அப்படியே மாறிப்போனது. அப்படி ஒரு கோபத்தில் உன்னை நான் பார்த்ததில்லை. "சொன்னியா, செத்தேன் நானு. நேத்து கோயில்ல இருந்து வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கு உசுரே இல்ல. அம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? 'வலிப்புதானே, ஊருல யாருக்கு இல்ல? இதயம் நல்லா இருக்குதில்ல, அது போதும் எனக்கு'ன்னாங்க. அப்புறம்தான் மூச்சே வந்துச்சு. நீ செஞ்ச கூத்து எனக்கு நல்லதா முடிஞ்சிருச்சு. இனிமே அது ஃபிட்ஸ்தான். ஒரே ஒரு விஷயத்துல வாயை மூடிகினு இரு ஸ்டெல்லா, போதும்."

அப்பா போன பிறகு அம்மாவுக்கு அந்தச் சாட்சி ஒன்றுதான் மிச்சம் என்றாய். கண்ணாடிக் கடையில் பார்வை மங்கியவர்களுக்கு எழுத்துப் பலகை காட்டுகிறவள், எவ்வளவு தெளிவாகப் பேசினாய்! சரி என்று தலையாட்டினேன். என் பிழைக்கு அதுதான் தண்டனை என்றால் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அன்று மாலை வண்டியிலிருந்தே மறுபடியும் துப்பட்டா விழுந்தது.

ஆனால் அந்த மாத்திரை தற்காலிகம்தான் என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருந்தார். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும், இதயம் எப்போதாவது நிலைகெட்டால் அதுவே ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் என்றார். கருவி வைத்தால் தோள்பட்டைக்குக் கீழே தழும்பு தெரியும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், அம்மாவிடம் மறைக்க முடியாது. "ஈஸ்டர் போவட்டும்" என்றாய். போனது. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும்" என்றாய். முடிந்தது. "இந்த ஸ்தோத்திரப் பண்டிகையில ஒரு தடவை அம்மா சொல்லிடட்டும்டி, அதுக்கப்புறம் எதுனாலும் வெச்சுக்கறேன்." ஒவ்வொரு தடவையும் உன்னோடு சண்டை போட்டேன். ஒயிட்ஃபீல்டு வரும்வரை சண்டை, கன்டோன்மென்ட் வரும்வரை முறைப்பு. "நானே போய்ச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "சொல்ல மாட்டே. இப்பத்தான் உனக்குக் கொஞ்சம் பழகியிருக்கு" என்றாய்.

போன வருஷப் பண்டிகை நினைவிருக்கிறதா? இருக்காதா பின்னே. ஆன்ட்டி முன்னால் போய் நின்று, "அந்த இதயத்துக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்கள். நாம் வாயசைக்கவில்லை. நீ என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். எழுந்து கத்திவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஆன்ட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு போங்க, கருவி வைக்கணும், இதெல்லாம் பொய் என்று. தொண்டை வரைக்கும் வந்தது. வாயாடி ஸ்டெல்லா, ஊர் முழுக்க வாயாடி, அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். சபையோடு சேர்ந்து நானும் "ஸ்தோத்திரம்" சொன்னேன். அதற்காக என்னை நான் எவ்வளவு வைதிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் நீ, "கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கட்டாயம். டாக்டர்கிட்ட நாள் கேட்டுட்டேன்" என்றாய். கேட்டிருந்தாய்தான். டாக்டர் நாள் எழுதிக் கொடுத்த சீட்டை அப்புறம் உன் பையில் பார்த்தேன்.

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருந்தது. பனி. சாம்பியனில் வண்டி வந்து நிற்பதே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஏறினால் நீ இல்லை. லேட்டாக எழுந்திருப்பாள், நமக்கொரு போன் அடித்துச் சொன்னால் என்ன என்று கோபம் வந்தது. கோபித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் அப்போது, அதையும் சொல்லிவிடுகிறேன். பங்காருப்பேட்டையில் உன் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன்.

சுரங்கக் குடியிருப்பில் உங்கள் லைன் வீட்டு முன்னறையில் உன்னைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருத்தரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "டீ போட்டுகினு இருந்தாம்மா. அப்பிடியே விழுந்துட்டா. கையும் காலும் உதறிச்சு. சாவிக்கொத்தை எடுத்து அவ கையில வெச்சு அழுத்திகினு, தலையை மடியில வெச்சுகினு குந்திட்டேன். கொஞ்ச நேரத்துல உதறல் நின்னுடுச்சு. வலிப்பு போயிடுச்சு, தூங்கறான்னு நெனச்சேன். எழுப்பாம வெச்சிருந்தேன். தண்ணி தெளிக்கலாம்னு பாத்தா கை சில்லுனு இருந்துச்சு."

வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆன்ட்டிக்குச் சொன்னது யார் தெரியுமா? நம் மாதர் சங்கத்துப் பெண்கள். அந்த ஜெபக் குறிப்பு வாசித்த வாரமே வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்களாம். நான் அன்பாக எழுதிப் போட்ட சீட்டு அந்த அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ என்னிடம் ஹார்ட்டு என்று சொன்னாய், என்னிடம் மட்டும்தான் சொன்னாய். உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆன்ட்டிக்கு அது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, உன் பையில் நீ ஒளித்து வைத்திருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை, உன்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. "மாத்திரை அதால முடிஞ்ச வரைக்கும் தாங்கிச்சும்மா. ஒன்றரை வருஷம் தாங்கிச்சு" என்றார். உடனே யாராவது நெஞ்சை அமுக்கிவிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தால் என்று கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்று சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தினமும் வண்டி ஏறுகிறேன். சாம்பியனில் ஏறியதும் இப்போதும் என் கண் முதலில் சீட்டைத்தான் தேடுகிறது. யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பெங்களூர் போகும்வரை எனக்குப் பேச்சே வருவதில்லை. உனக்குச் சந்தோஷம்தானே, வாய்க்கு லீவு கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு மறுபடியும் ஸ்தோத்திரப் பண்டிகை. ஆன்ட்டி இந்த வருஷம் எழுந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மெதுவாக, பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். வேலூர், உன் அப்பா, நீல உதடு, எல்லாம் அதே வார்த்தைகள். கடைசியில் மட்டும் மாற்றினார்கள். "என் பொண்ணை வலிப்பு கொண்டுபோயிடுச்சு. ஆனா அவர் குடுத்த இதயம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் அடிச்சுது, ஸ்தோத்திரம்." சபையில் அழாதவர்கள் இல்லை.

அசன விருந்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக இதைக் கேட்கத்தான் தைரியம் சேர்த்திருப்பார்கள் போல.

"ஸ்டெல்லா, தெனமும் அவகூடப் போய் வந்தவ நீ. உனக்குத் தெரியாதது இல்ல. அன்னிக்கு நான் யாரையும் கூப்பிடாம, அவளை மடியில போட்டுகினு சும்மா குந்திகினு இருந்தேனே, அது தப்பாம்மா?"

இதோ, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொல்ல அவர்களே கேட்டுவிட்டார்கள். ஆனால் இப்போது அது நீ பயந்த அந்த உண்மை மட்டும் இல்லை. அதைச் சொன்னால் ஒரு தாய் தன் பிள்ளை சாகிறதைத் தூங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாகிவிடும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன், நீயே சொல்லு.

"தப்பே இல்ல ஆன்ட்டி. வலிப்புக்கு எல்லாரும் அப்பிடித்தான் செய்வாங்க."

"நெஞ்சு படபடன்னுதுன்னு உன்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னாளா?"

"ஒரு நாளும் சொன்னதில்ல."

நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "வா, சாப்பிடலாம், பசிக்குது" என்று நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நீ கேட்டுக்கொண்டபடியே செய்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஐயருக்குத் தெரியாது, எந்தப் பெட்டியிலும் எந்தச் சீட்டும் போடவில்லை. நான் சாகும்வரை இது எனக்குள்ளேதான் இருக்கும். செய்தது சரிதானா என்று ராப்பகலாக மனசு அரிக்கிறது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது தாங்கமுடியாமல் போனால், மறுநாள் காலை வண்டியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக உன்னிடம் கொட்டிவிடுவேன். நீயும் சரி, தப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய். இதை உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும். நீ இல்லையேடி.